ஏழு மணி மாத்திரை

என் ஓரகத்திக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. ஒளித்துப் பேசி என்ன ஆகப்போகிறது? அவள் என் கணவருடைய தம்பி மனைவி, என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஈப்போவில் ஒரே தாமானில், ஒரே வீடமைப்புப் பகுதியில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அவள் வீட்டில் மிக்ஸி ஓடினால் என் வீட்டுத் தட்டுகள் அதிரும். அவளுக்கு வயதாகி நிற்கவில்லை. முப்பத்துநாலு வயதில் யாருக்கு நிற்கும்? மாத்திரை சாப்பிட்டு நின்றது. தினமும் ஒன்று, மாலை ஏழு மணிக்கு.

எனக்கோ நிற்கிற பேச்சே இல்லை. என் கருப்பையில் மூன்று கட்டிகள். ஸ்கேன் எடுத்த பெண் பெரியதை அளந்து பார்த்துவிட்டு, "இது சதைக்கட்டி, புற்றுநோய் இல்லை, பயப்படாதீங்க" என்றாள். பயப்படவில்லை. ஆனால் ஐந்து வருடமாக மாதத்தில் பன்னிரண்டு நாள், சில மாதம் பதினைந்து நாள், போய்க்கொண்டே இருந்தது. எப்போது வரும் என்று காலண்டர் பார்த்துச் சொல்லவும் முடியாது. அழையாத விருந்தாளியாவது ஒரு நாள் கிளம்பிப் போவான், இது போகாது.

நான் வேலை செய்வது வெள்ளைக் காப்பித்தூள் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில். லைன் சூப்பர்வைசர். சீருடை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. அதை முடிவு செய்தவர் நிச்சயம் ஆணாகத்தான் இருப்பார். வெயில் காலத்திலும் இடுப்பில் ஒரு கறுப்பு ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டுதான் லைனில் நடப்பேன். எங்கே உட்கார்ந்தாலும் எழுந்தவுடன் திரும்பி நாற்காலியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கைப்பைக்குள் பேட் வைப்பதற்கென்றே பூப்போட்ட ஒரு துணிப்பை, ஜிப் வைத்தது, எப்போதும் இருக்கும். என் வீட்டு ஆண்கள் மூன்று பேரும், அதாவது கணவரும் இரண்டு பையன்களும், அந்தப் பூப்போட்ட பையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது மாவிளக்கு.

எங்கள் குடும்பம் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டம் கைமாறி, ரப்பர் மரமெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், திருவிழா அன்று, ஈப்போவிலிருந்தும் கமுந்திங்கிலிருந்தும் லூமுட்டிலிருந்தும் காரில் வந்து கூடுவார்கள். அந்தக் கோயிலில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் உரிமை உண்டு. முதல் மாவிளக்கு எங்களுடையது. பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவோம். வீட்டு மருமகள் அதைத் தட்டில் ஏந்திக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிவிட்டால் தட்டைக் கீழே வைக்கக் கூடாது, கைமாற்றக் கூடாது, வந்த வழியே திரும்பவும் கூடாது. வீட்டுக்குத் தூரமானவள் ஏற்றிய தட்டைத் தொடவே கூடாது. அவள் கோயில் வேலிக்கு உள்ளேயும் வரக் கூடாது.

கல்யாணமான வருடத்திலிருந்து பதினாறு வருடம் நான்தான் ஏந்தினேன். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பாட வராது, ஆட வராது. நாலு பேர் கூடிய இடத்தில் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஆனால் வருடத்தில் ஒரு காலைப்பொழுது மேளம் எனக்காக அடிக்கும், கூட்டம் எனக்காக வழிவிடும். அந்த ஒன்றுதான் எனக்கு இருந்தது. பிறகு கட்டி வந்தது. மூன்று வருடம் தொடர்ந்து, சரியாகத் திருவிழா அன்று, எனக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே, செம்பனை நிழலில், எங்கள் காரில் சாய்ந்தபடி நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்டேன். ஓரகத்திக்கும் நாள் சரியாக வராததால், மாமியார்தான் அந்த மூன்று வருடமும் முட்டி வலியோடு ஏந்தினார்.

ஓரகத்தியைப் பெண்கள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதே நான்தான். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. வயிற்று வலி, நிறையப் போகிறது என்று அழுதாள். இந்த விஷயத்தில் நான் அனுபவசாலி அல்லவா? "வா, எங்க டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று பெருமையாக அழைத்துப்போனேன். அவளுக்கும் கட்டிதான். ஒரே ஒரு கட்டி.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, எங்களோடு மலாயில் பொறுமையாகப் பேசுவார். புதிதாக ஒரு மாத்திரை இருக்கிறது என்று காகிதத்தில் படம் வரைந்தே காட்டினார். மூளை சினைப்பைக்குச் சேதி அனுப்பும், சினைப்பை ஹார்மோனைச் சுரக்கும், அதைத் தின்றுதான் கட்டி வளரும். இந்த மாத்திரை அந்தச் சேதியை நடுவழியில் நிறுத்திவிடும். போக்கு குறையும், பலருக்கு நின்றே விடும், கட்டியும் கொஞ்சம் சுருங்கும். எலும்பு பலம் குறையாமலிருக்க அதே மாத்திரையில் சிறிதளவு ஹார்மோனும் சேர்த்திருக்கிறார்கள். சில மாதம் சாப்பிட்டு உடம்பில் இரத்தம் ஏறியதும், கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம், அப்புறம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றார்.

"நாள் தவறாம சாப்பிடணும். நடுவுல விட்டா மறுபடி போகும். இரத்தம் குறைஞ்சா ஆப்ரேஷன் தள்ளிப்போகும்" என்றார் அவளிடம். அவள் தலையாட்டினாள். நானும் பக்கத்திலேயே இருந்து கேட்டேன்.

"டாக்டர், எனக்கும் அதே மாத்திரை கொடுங்க" என்றேன்.

அவர் என் ஃபைலைத் திறந்தார். இரண்டாவது பையன் பிறந்தபோது எனக்கு இடது காலில் இரத்தம் கட்டி ஒரு மாதம் படுத்திருந்தேன். அந்த ஒரு வரியில் விரலை வைத்து, "உங்களுக்கு இது கூடாது. மாத்திரையில இருக்கிற ஹார்மோனால மறுபடி கால்ல கட்டலாம், அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து" என்றார். "உங்களுக்கு ஆப்ரேஷன் பண்ணிக் கருப்பையை எடுக்கிறதுதான் நல்லது. உங்களுக்குத்தான் ரெண்டு பையன் இருக்காங்களே."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். என் காதில் வேறு மாதிரி விழுந்தது. இவளுக்கு மாத்திரை, எனக்குக் கத்தி. இவளுக்குக் கருப்பை வேண்டும், எனக்கு வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவள், ஏழு மாதம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அதற்குள் அவளுக்கு நின்றுவிட்டது. முதல் மாதம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, அப்புறம் சுத்தமாக நின்றது என்று வேலியோரம் நின்று மெதுவாகச் சொன்னாள். நன்றி சொல்லத்தான் வந்தாள், பாவம். "நீங்க கூட்டிட்டுப் போகலன்னா இன்னும் செத்துக்கிட்டு இருப்பேன்லாக்கா" என்றாள். நான் சிரித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு என் கண்ணுக்கு அவள் மட்டும்தான் தெரிந்தாள். துணி காயப்போடும் கம்பியில் அவளுடைய வெள்ளைக் காற்சட்டை தொங்கும், ஒரு கறை இல்லாமல். நான் எழுந்ததும் நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பேன், அவள் எங்கள் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து போய்க்கொண்டே இருப்பாள். கொழுந்தனோடு லூமுட்டில் ஃபெர்ரி ஏறிப் பங்கோர் தீவுக்குப் போய்க் கடலில் இறங்கிக் குளித்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று சூடாகிறது, ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது என்று மாமியார் சொன்னபோது, மனசுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. அப்படிப்பட்டவள் நான்.

எல்லாவற்றையும்விட அந்த அலாரம். தினமும் ஏழு மணிக்கு அவள் கைப்பேசியில் மணியோசை போல ஒன்று அடிக்கும். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். உடனே ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். அவள் மாத்திரையை விழுங்கும் அந்த நேரத்தில் நான் குழம்பைக் கிண்டிக்கொண்டு நிற்பேன், அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமியார் இரண்டு மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என் முட்டி இனிமே தாங்காது. இந்த வருஷம் சின்னவ மாவிளக்கு எடுக்கட்டும். அவளுக்குத்தான் நின்னு போச்சே, பயமில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அவளுக்குச் செய்யச் சொல்லிக் குடும்மா. ஒன் கைப் பக்குவம் யாருக்கு வரும்?" என்றார்.

புண்ணில் உப்பு வைத்துத் தேய்ப்பது என்றால் அதுதான். சொல்லிக்கொடுத்தேன். அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், எப்படி நிழலில் உலர்த்த வேண்டும், எல்லாம் சொன்னேன். வெல்லம் கூடிப்போனால் மாவு இளகி விளக்கு நடுவில் விண்டுவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்து விடவில்லை, விட்டுவிட்டேன். அவளாகவே இரண்டு தரம் செய்து பார்த்து அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "கொஞ்சமா போட்டாத்தான் நிக்குதுக்கா" என்று என்னிடமே வந்து சொன்னாள்.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், தைப்பூசம், திருவிழா என்று வந்தால் ஃபார்மசியில் நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்கிச் சாப்பிடுவோம். ஒருத்தி வாங்கியதை நாலு பேர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. கட்டி வந்த பிறகு எனக்கு மட்டும் அது பலிக்கவில்லை. அப்படிப் பழகின புத்திக்கு, அவள் மாத்திரையும் அதன் அண்ணன் தம்பிதான் என்று தோன்றியது. நாள் தள்ளிப்போடுகிற மாத்திரையே இப்படி நிறுத்தும் என்றால், இது இன்னும் நன்றாக நிறுத்தாதா? பத்து நாள் சாப்பிட்டால் போதாதா? டாக்டர் விரல் வைத்துக் காட்டிய வரி ஞாபகம் வராமலில்லை. பத்து நாளில் என்ன ஆகிவிடும் என்று நானே எனக்கு டாக்டரானேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு அவளும் கொழுந்தனும் லூமுட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவள் வீட்டுச் சாவி எப்போதும் என் சாவிக்கொத்தில்தான் இருக்கும். போனேன், தண்ணீர் ஊற்றினேன். ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் மாத்திரைப் பெட்டி இருந்தது. பிரித்த அட்டையை அவள் கையோடு எடுத்துப் போயிருந்தாள். பெட்டிக்குள் பிரிக்காத அட்டை ஒன்று, இருபத்தெட்டு மாத்திரை. அதை எடுத்துக்கொண்டேன். உள்ளிருந்த மடித்த காகிதத்தை அப்படியே விட்டுப் பெட்டியை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். காகிதம் இருந்ததால் பெட்டி காலியென்று கைக்குத் தெரியாது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அட்டையை எங்கே ஒளித்தேன் தெரியுமா? கைப்பைக்குள், பூப்போட்ட பையில், பேட்டுகளுக்கு அடியில். என் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

சரியாகப் பத்து நாள் இருக்கும்போது தொடங்கினேன். அவள் அலாரம் அடிக்கும்போது நானும் விழுங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். உண்மையைச் சொன்னால், அந்த முதல் இரண்டு மூன்று மாலைகளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போக்கு நிற்கவில்லை. கூடவே செய்தது. அப்போதும் நான் விடவில்லை.

நாலாவது மாலை அலாரம் அடித்தது. ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் வரவில்லை. பெட்டிகளை நகர்த்தும் சத்தம், இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம். நான் என் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடி நின்றேன். அவளிடமிருந்த அட்டை முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே அவள் குரல்.

"அக்கா, நாங்க லூமுட் போனப்ப வீட்டுக்கு வந்தீங்கல்ல, ஃபிரிட்ஜ் மேல மாத்திரை அட்டை பாத்தீங்களா?"

"பெட்டி இருந்துச்சி. உள்ள என்ன இருக்குன்னு நான் எதுக்குப் பாக்கப்போறேன்?" என்றேன்.

"நான்தான் எங்கயோ வெச்சிட்டேன் போல. அவருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு, மெனக்கெட்டு ஆர்டர் பண்ணி வாங்குனது. சொல்லிராதீங்கக்கா."

"சொல்லமாட்டேன்" என்றேன். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

மறுநாள் கிளினிக்கில் கேட்டுப் பார்த்தாளாம், மருந்து வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்றார்களாம். அந்த இரண்டு வாரத்துக்கு அவளுக்குத் தேவையானது என் கைப்பைக்குள் இருந்தது. அவள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் போய் சோபா இடுக்கில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். சாவி இருந்தது. நினைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் நினைத்து முடிப்பதற்குள் ஏழு மணி ஆகிவிடும், விழுங்கிவிடுவேன். தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத் தடை பண்ணுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் என் காலையும் பணயம் வைத்தேன். ராத்திரிதோறும் இடது காலைத் தடவிப் பார்ப்பேன், வீங்கியிருக்கிறதா என்று. அவள் அலாரத்தை நிறுத்தவில்லை. தினமும் அடிக்கும், கொஞ்ச நேரம் அடிக்க விட்டு அணைப்பாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் எனக்கு நின்றது. துணி துணியாக மாற்றிக்கொண்டிருந்த எனக்கு அன்று காலை முதல் ஒரு சொட்டு இல்லை. குளியலறையில் நின்று கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே வேனில் கிளம்ப வேண்டியது, மாமாக்கள் வந்ததால் இரண்டு காராகப் போனோம். எங்கள் காரில் முன்னால் கணவரும் மாமியாரும், பின்னால் நானும் அவளும். அவள் மஞ்சள் புடவை, மடியில் மாவிளக்குத் தட்டு. மாவு நன்றாக வந்திருந்தது, விண்டுபோகவில்லை. கோப்பெங் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் மண் ரோட்டில் திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். வண்டி குலுங்குகிறது, அதனால் என்று நினைத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு அன்றைக்கு அதுகூடச் செய்யவில்லை.

காரை வழக்கமான இடத்தில், வேலிக்கு வெளியே செம்பனை நிழலில் நிறுத்தினோம். இறங்கியதும் அவள் தட்டை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கு வந்திருச்சி."

"என்ன வந்திருச்சி?"

"அதான்க்கா. முந்தாநாள்லேருந்து கொஞ்சமா இருந்துச்சி, இன்னைக்கு நின்னுரும்னு பாத்தேன். இப்ப நிக்காம போவுது. நீங்க எடுங்க. உங்களுக்குச் சுத்தமாத்தானே இருக்கு?"

"ம்" என்றேன்.

"நல்லதாப் போச்சி. எப்படியும் உங்களுதுதானேக்கா இது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

வேலிக்கு வெளியே பழைய தண்ணீர்க் குழாயடியில் விளக்கை ஏற்றித் தட்டைத் தூக்குவது எங்கள் முறை. மாமியார் நெய் ஊற்றித் திரியைப் பற்றவைத்தார். என் கையில் தட்டு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கனம். மேளக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் தலையசைத்தேன், மேளம் எழுந்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் கேட்டில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து அவள் அவசரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, பேட் இருக்கா? நான் இப்பல்லாம் எடுத்துட்டு வரதே இல்ல."

திரும்பிப் பார்க்காமலே, தாராள மனசோடு, ஒரு மகாராணி மாதிரி சொன்னேன். "கார்ல என் ஹேண்ட்பேக்ல இருக்கு. பூப்போட்ட பை. எத்தனை வேணுமோ எடுத்துக்க."

ஆறு அடி நடந்திருப்பேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தட்டைக் கீழே வைக்கக் கூடாது. கைமாற்றக் கூடாது. திரும்பக் கூடாது. முன்னால் மேளம், பின்னால் முந்நூறு பேர். எனக்கு நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நடந்தேன். கோயிலின் வலப்பக்கம் வேலி தாழ்ந்திருக்கும், அங்கே வரும்போது எங்கள் கார் நன்றாகத் தெரியும். முதல் சுற்றில் அந்த இடத்துக்கு வந்தபோது பின் கதவு திறந்திருந்தது, அவள் உள்ளே குனிந்திருந்தாள். மஞ்சள் புடவையின் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லாப் பேட்டும் மேலேதான் இருக்கிறது, அட்டை அடியில் இருக்கிறது, மேலாக எடுத்தால் தெரியாது என்று கணக்குப் போட்டேன். கோயிலின் பின்பக்கம் போகும்போது நெய் உருகி என் விரலில் வழிந்தது. சுட்டது. துடைக்க முடியவில்லை.

இரண்டாம் சுற்றில் அவள் வெளியே நின்றாள். கையில் அட்டை இருந்தது. கட்டைவிரலால் ஒவ்வொரு காலிக் குழியாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் யாரோ ஒரு பெண் குலவையிட்டாள், மாமியார் கைகூப்பி அழுதுகொண்டே கூட நடந்தார்.

மூன்றாம் சுற்றில் அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மூன்று வருடம் நான் எந்த இடத்தில் காரில் சாய்ந்து நின்றேனோ அதே இடத்தில் நின்று, நான் கடந்து போகும் வரை பார்த்தாள். மேளம் இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கக் கூடாதா, இன்னொரு சுற்று இருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு. இதே மேளத்துக்குத்தான் மூன்று வருடம் ஏங்கினேன்.

சந்நிதியில் தட்டை வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. "பாத்தியா, மூத்தவளுக்குத்தான் ஆத்தா குடுத்திருக்கா" என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்கு வந்தேன்.

அவள் பின் சீட்டில் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அட்டை மடியில் இருந்தது.

"பத்து" என்றாள்.

காலிக் குழிகளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன். உங்களுக்குக் கால்ல கட்டும்னு டாக்டர் சொன்னாங்க, நானுந்தானே அங்க இருந்தேன். செத்துப் போயிருந்தீங்கன்னா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ரத்தம் குறைஞ்சா ஆப்ரேஷன் தள்ளிப்போவும்னும் சொன்னாங்க. அப்ப நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

ஆமாம், இருந்தேன். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

அவள் கையை நீட்டினாள். "எங்க வீட்டுச் சாவியக் குடுங்கக்கா."

சாவிக்கொத்தை எடுத்தேன். விரலெல்லாம் நெய். வளையத்தை நெம்பினால் வழுக்குகிறது, மறுபடி நெம்பினால் மறுபடி வழுக்குகிறது. அவள் உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கையை நீட்டியபடியே இருந்தாள். சாவி கழன்றதும் வாங்கி, முந்தானையில் நெய்யைத் துடைத்துவிட்டு முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது மாமியார் மாவிளக்கைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினார். "எனக்கு வேணாம் அத்தை, வயிறு சரியில்ல" என்றாள். நான் என் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அவள் செய்த மாவு. வெல்லம் சரியாக இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு அலாரம் அடித்தது, ஃபிரிட்ஜ் திறந்தது. கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டுதான் அவள் மறுபடி தொடங்கினாள் என்று பிற்பாடு மாமியார் வழியாகத் தெரிந்தது. இரத்தம் குறைந்திருந்ததால் அவளுடைய ஆப்ரேஷன் நாலு மாதம் தள்ளிப்போனது. நான் அடுத்த வாரமே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொறுமைசாலி முதல்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார். இடது காலை ஸ்கேன் செய்து ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவர் கோபம் இறங்கியது. என் கருப்பையை எடுப்பதற்கு நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதன்பிறகு மாவிளக்கு ஏந்த எனக்கு எந்தத் தடையும் இருக்காது. மாமியார் இப்போதே அடுத்த வருடமும் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவள் செடிகளுக்கு இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலியோரம் பார்த்தால் "சாப்பிட்டாச்சாக்கா?" என்று கேட்கிறாள், நானும் பதில் சொல்கிறேன். வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை.

நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆப்ரேஷன் தள்ளிப்போனபோது, அட்டையைத் தானே தொலைத்துவிட்டதாகத்தான் கொழுந்தனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், அதற்கு அவர் இன்றைக்கும் அவளை ஏசுகிறார், சுவர் வழியாக எனக்குக் கேட்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அன்றைக்கே வேலியைப் பிடித்துக்கொண்டு, மேளத்தை நிறுத்தச் சொல்லி, முந்நூறு பேருக்கும் கேட்கக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. மூன்று சுற்றையும் என்னை முழுசாகச் சுற்ற விட்டாள். இப்போது எனக்கு அவள் மேல் இருக்கும் பொறாமை அதுதான், இதற்கு மாத்திரை கிடையாது.